இழுவைக் கம்பியைத் தேர்ந்தெடுத்தல்: கம்பம் பள்ளத்தாக்குச் சாலைகளை முன்வைத்து

ஒரு வண்டியின் பின்னால் இன்னொரு வண்டியைப் பூட்டும்போது, இடையில் இருக்கும் இணைப்புக்கு மூன்று வேலைகள் வந்து சேர்கின்றன. முன்வண்டி நகர்ந்தால் பின்வண்டியை இழுக்க வேண்டும். முன்வண்டி வேகம் குறைத்தால் பின்வண்டி வந்து இடிக்காமல் தாங்க வேண்டும். வளைவில் பின்வண்டியின் மூக்கைத் திருப்பிவிட வேண்டும். கயிற்றால் முதல் வேலை மட்டுமே ஆகும். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் என்ற நீளமான மரம் இருப்பது இதனால்தான். மேட்டில் மாடு அதை இழுக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது பாரம் ஏர்க்கால் வழியாக நுகத்தடிக்கு வர, மாடு பின்னால் சாய்ந்து தடுக்கிறது. ஏர்க்காலுக்குப் பதிலாக வடக்கயிறு கட்டியிருந்தால் முதல் இறக்கத்திலேயே வண்டி மாட்டின் பின்னங்காலில் ஏறியிருக்கும். டோ பார் என்று பட்டறைகளில் சொல்லப்படும் இழுவைக் கம்பி, இரும்பில் செய்த ஏர்க்கால்தான்.

டோ பார் வாங்கவோ செய்யவோ போகிறவர் முதலில் கேட்பது, 'எத்தனை டன் இழுக்கும்?' என்பது. கேள்வி தவறில்லை, ஆனால் முதல் கேள்வியாக அது இருக்கக்கூடாது. எத்தனை டன் தள்ளினால் வளையாமல் நிற்கும் என்பதே முன்னால் வர வேண்டும். தேனி நகரை ஒட்டிக் கம்பம் சாலையில் இருக்கும் பழனிசெட்டிபட்டியிலிருந்து மேற்கே எந்த வழியில் போனாலும் மலை ஏற வேண்டியிருப்பதும், ஏறிய வண்டி திரும்பவும் இறங்க வேண்டியிருப்பதும் இந்தப் பகுதியில் அந்தக் கேள்விக்கு எடை கூட்டுகின்றன.

இழுவைக் கம்பி தனிப் பொருளாக, பல வகையாக, கடையில் தொங்கும் சரக்காக வளர்ந்தது அமெரிக்காவில். தமிழ் வாசகருக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகருக்காக நிற்கும் குளிரூட்டிய வண்டி நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ ஓய்வு பெற்ற தம்பதியர் பேருந்து நீளமுள்ள வீட்டு வண்டியில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். முகாமில் வண்டியை நிறுத்தித் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் கொடுத்தபின், பால் வாங்க அதை மறுபடி கிளப்ப முடியாது. ஆகவே சிறிய கார் ஒன்றை நான்கு சக்கரமும் தரையில் உருள, ஆள் இல்லாமல், பின்னால் கட்டி இழுத்து வருகிறார்கள். ரோட்மாஸ்டர், புளூ ஆக்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே கம்பிகள் செய்கின்றன. எளிய வகை, ஆங்கில 'ஏ' எழுத்து வடிவில் பற்றவைத்த அசையாச் சட்டம். விலை குறைவு, ஆனால் பூட்டும்போது காரை அங்குலக் கணக்கில் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த வகையில் இரண்டு கைகளும் குழாய்க்குள் குழாயாக நீண்டு சுருங்கும். கார் சற்றுக் கோணலாக நின்றாலும் பூட்டிவிட்டு முன்வண்டியை நகர்த்தினால் கைகள் தாமாக நீண்டு பூட்டிக்கொள்ளும். காரில் தங்கும் கம்பி, வீட்டு வண்டியில் தங்கும் கம்பி என்றும் பிரிவு உண்டு. பின்னதை மடித்து நிமிர்த்தி வைக்கலாம். எந்த வகையானாலும் காரின் அடிச்சட்டத்தில் திருகிய தட்டு ஒன்றில்தான் மாட்ட வேண்டும், பம்பரில் மாட்டக்கூடாது. நம் ஊர் எஸ்.யு.வி.களில் அழகுக்காகவும், பின்னால் வருபவர் இடித்தால் தாங்கட்டும் என்றும் பொருத்தும் பந்துக் கொக்கிகளில் பல இந்த வேலைக்கு ஆகாதவை.

தாங்கும் திறனைக் கணக்கிடும்போது கம்பியில் பொறித்த எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. கம்பி, அது நுழையும் பெட்டிக் குழாய், பந்து அல்லது பின், காரின் தட்டு, பாதுகாப்புச் சங்கிலி என எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. அவற்றில் மிகச் சிறியதுதான் மொத்த இணைப்பின் எண். கம்பி தரைக்கு இணையாக இருப்பதும் திறனைப் போலவே முக்கியம். 120 செ.மீ. நீளக் கம்பியின் ஒரு முனை மற்றதைவிட 15 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் சாய்வு 8-க்கு 1. கடும் பிரேக்கில் பின்வண்டி 750 கிலோ விசையோடு தள்ளினால், அதில் 90 கிலோவுக்கு மேல் ஒரு வண்டியின் மூக்கையோ மற்றதன் வாலையோ மேலே தூக்கவும் கீழே அமுக்கவும் போய்விடும். இதனால்தான் உயர வேறுபாடு மூன்று, நான்கு அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவில் வழக்கம்.

வீட்டு வண்டியின் பின்னால் காரைக் கட்டி இழுக்கும் வழக்கத்தை இந்தியாவில் அப்படியே கொண்டுவரச் சட்டம் இடம் தருவதில்லை. 1989-ஆம் ஆண்டின் சாலை விதி ஒழுங்குமுறைகள், பழுதான வண்டி, முழுதாகக் கட்டி முடிக்காத வண்டி, பதிவு பெற்ற டிரைலர், சைடு கார் ஆகியவற்றைத் தவிர எதையும் மோட்டார் வண்டியால் இழுக்கக்கூடாது என்றன. இழுபடும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது, கயிறோ சங்கிலியோ பிறர் கண்ணில் தெளிவாகப் பட வேண்டும், வேகம் மணிக்கு 24 கி.மீ.க்குள் இருக்க வேண்டும், பின்வண்டியின் பின்புறம் இழுத்துச் செல்லப்படுவதை அறிவிக்கும் எழுத்துகள் வெள்ளைப் பின்னணியில் கறுப்பில் 75 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பவையும் அவற்றில் இருந்தன. 2017-இல் இவற்றின் இடத்தைப் பிடித்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இதே போக்கைத்தான் தொடர்கின்றன. நல்ல நிலையில் உள்ள காரை ஆள் இல்லாமல் கட்டி இழுத்து ஊர் சுற்ற இதில் வழியில்லை. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்து, மறு ஆண்டே இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் கேரவன் பூங்கா வந்துவிட்டாலும், அங்கே போகும் வீட்டு வண்டி தனியாகத்தான் போக முடியும். கார் வேண்டுமென்றால் வேறொருவர் ஓட்டி வர வேண்டும்.

எனவே கம்பம் பள்ளத்தாக்கில் இழுவைக் கம்பி என்ற விஷயம் வேறு உருவங்களில் இருக்கிறது. பழுதாகி நிற்கும் ஜீப், கார். மலையில் மூச்சு நின்ற லாரி, பேருந்து. அன்றாடம் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போய்வரும் டிராக்டரின் டிப்பர்.

முதலில் சாலை. தேனியிலிருந்து கம்பம் வழியாகச் செல்லும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை லோயர்கேம்ப்பில் மலையைத் தொட்டு, ஏறத்தாழ 6 கி.மீ. வளைந்து ஏறிக் குமுளியை அடைகிறது. போடியிலிருந்து மூணாறு போகும் 85-ஆம் எண் சாலை முந்தலுக்கு மேல் 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டுக்கு ஏறுகிறது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் தனித்தனி மலைச்சாலைகள் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் போய் அந்தியில் திரும்பும் ஜீப்புகள் இந்த வழிகளில் நாள்தோறும் ஓடுகின்றன. சபரிமலைக் காலத்தில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரும். அப்போது லோயர்கேம்ப் சாலையின் ஒரு வளைவில் ஒரு வேன் நின்றாலும் பின்னால் வரிசை கட்டிவிடும். கையில் கிடைத்ததைக் கட்டி இழுத்து ஓரம் போடச் சொல்லிக் குரல்கள் எழும். தவறான இணைப்புகள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் உருவாகின்றன.

மலைச்சாலைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த வழக்கமான சரிவு 20-க்கு 1. தவிர்க்க முடியாத இடத்தில் 14-க்கு 1 வரை போகலாம். பழைய மலைச்சாலைகள் சில துண்டுகளில் இதற்கும் மேல். 15-க்கு 1 சரிவில் 1,500 கிலோ காரை ஏற்ற, சக்கர உராய்வுக்கான 20 கிலோ சொச்சம் போக, 100 கிலோ விசை வேண்டும். ஒரு நல்ல நைலான் கயிறு இதை விளையாட்டாகத் தாங்கும். அதே சரிவில் இறங்கும்போது கார் 80 கிலோ விசையோடு முன்வண்டியைத் தேடி வரும். முன்வண்டி திடீரென நின்றால் அது 700, 800 கிலோவாகும். அங்கே கயிறு செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தொய்ந்து முன்சக்கரத்தில் சுற்றாமல் இருந்தால் அதுவே பெரிது.

கயிற்றின் இன்னொரு குறை, தொய்ந்து விறைப்பது. தொய்வு தீரும் நொடியில் இரண்டு வண்டிகளின் வேகத்துக்கும் மணிக்கு 5 கி.மீ. வேறுபாடு இருந்து, கனமான லாரி ஒன்று 1,500 கிலோ காரை இழுப்பதாகக் கொள்வோம். கயிறு 10 செ.மீ. நீண்டு அந்த வேறுபாட்டை விழுங்கினால், அந்தச் சிறு நேரத்தில் சராசரியாக ஒன்றரை டன் விசை பாயும். நீளாத சங்கிலி 2 செ.மீ. மட்டுமே இடம் கொடுத்தால் அது 7 டன்னைத் தாண்ட வேண்டும். அதற்குள் கொக்கி நிமிரும், அல்லது காரின் முன்சட்டம் பிய்ந்து வரும். சங்கிலி கயிற்றைவிட உறுதியானது, ஆகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் பொய்க்கிறது. அறுந்த கம்பிவடமோ கழன்ற கொக்கியோ கண்ணாடியைத் துளைக்கும் வேகத்தில் பின்னடிக்கும். பட்டையாக நெய்த டோ பெல்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. சமவெளியில் வீரபாண்டியிலிருந்து தேனிப் பட்டறைக்கு ஒரு காரைக் கொண்டுபோக அது போதும். மலையில் ஏற்றத்துக்கு மட்டும், அதுவும் மெல்ல.

பின்வண்டியில் ஓட்டுநர் இருக்கிறாரே, பிரேக் போடமாட்டாரா என்ற கேள்வி வரும். விதிமுறை நம்புவதும் அவரைத்தான். ஆனால் எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல் போல இறுகும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். சாவியைத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். லாரி, பேருந்தில் நிலைமை வேறு விதம். காற்றழுத்தம் இறங்கியதும் வில் பிரேக் தானாகப் பிடித்து, பின்சக்கரங்கள் உருளாமல் நிற்கும். முன்வண்டியிலிருந்து காற்றுக் குழாய் கொடுத்து அதை விடுவிக்கலாம். அப்போது பின்வண்டியின் பிரேக்கும் வேலை செய்யும். வில்லைக் கையால் திருகித் தளர்த்திவிட்டு இழுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்த லாரியில் பிரேக் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. இறக்கத்தில் அதன் முழு எடையும் முன்வண்டியின் பிரேக் டிரம்மில்தான் வந்து நிற்கும்.

இப்போது கம்பி. கம்பம் சாலையோரப் பட்டறைகளில் ஒரு டோ பார் கேட்டால், கிடக்கும் இரும்பில் ஒன்றைப் பார்த்து வெட்டி, இரு முனையிலும் வளையம் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள். எந்த இரும்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 25 மி.மீ. உருட்டுக் கம்பி, 2 மீட்டர் நீளம்: இழுத்தால் 12 டன் வரை தாங்கும். அதே கம்பியை இரு முனையிலிருந்தும் தள்ளினால், ஒரு டன் ஆவதற்குள் நடுவில் வில்லாக வளைந்துவிடும். இரண்டு டன் ஜீப் ஒன்று இறக்கத்தில் கடும் பிரேக்கின்போது கொடுக்கும் தள்ளுவிசை ஏறத்தாழ அதே ஒரு டன். இதற்குப் பதில் 60 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. கனமும் கொண்ட குழாயை எடுத்தால், எடை கிட்டத்தட்ட அதேதான், இழுவைத் திறனும் அதேதான். தள்ளுவதைத் தாங்கும் திறன் மட்டும் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. கெட்டியான கம்பியே பலம் என்று கண் சொல்வதற்கு நேர் எதிரான கணக்கு இது. பட்டறையில் பழைய குழாய் கிடந்தால் துரு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று தட்டிப் பார்த்து எடுப்பது நல்லது. வெளியே பெயிண்ட் அடித்துவிட்டால் பிறகு தெரியாது.

ஒற்றைக் கம்பியா, 'ஏ' வடிவமா என்பது அடுத்தது. ஒற்றைக் கம்பி இழுக்கும், தாங்கும், மூக்கைத் திருப்பாது. ஆகவே பின்வண்டியில் ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும். லாரியை லாரி இழுக்கும்போது இதுவே வழக்கம், போதுமானதும்கூட. 'ஏ' வடிவக் கம்பி காரின் இரு பக்கமும் பற்றுவதால், முன்வண்டி போகும் திசைக்கு அதன் சக்கரங்கள் தாமாகத் திரும்பும். முன்சக்கரங்கள் சற்றுப் பின்சாய்ந்த அச்சில் பொருத்தப்பட்டிருப்பதால் முன்னோக்கி உருளும்போது நேராகிக்கொள்ளும். அதே காரணத்தால் பின்னோக்கித் தள்ளினால் ஒரு பக்கமாக ஒடிந்து கம்பியை முறுக்கும். அமெரிக்க நெடுஞ்சாலையில் இது சிறு தொல்லை. போடிமெட்டில் பெரிய தொல்லை. கொண்டை ஊசி வளைவின் உள்ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது வகுத்த அளவு. நீள வண்டிகள் சில வளைவுகளில் ஒரே ஒடிப்பில் திரும்ப முடியாமல் ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்புகின்றன. பின்னால் 'ஏ' கம்பியில் கார் தொங்கும்போது அந்த ரிவர்ஸ் எடுக்க முடியாது. அங்கே கம்பியைக் கழற்றி, காரைத் தனியாக நகர்த்தி, மறுபடி பூட்ட வேண்டும். ஆகவே மலையில் 'ஏ' கம்பியைத் தேர்ந்தெடுப்பவர் முன்வண்டி வளைவை ஒரே மூச்சில் திரும்புமா என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறார். ஜீப்பை ஜீப் இழுக்கிறதென்றால் கவலையில்லை. முடியாத இடத்தில் முன்சக்கரத்தைத் தூக்கிப் போகும் ரெக்கவரி வண்டியோ, காரை முழுதாக முதுகில் ஏற்றும் தட்டையான வண்டியோதான் வழி.

பின்வண்டியின் கியர்ப் பெட்டிக்கும் இதில் பங்கு உண்டு. கையால் கியர் மாற்றும் வண்டியை நியூட்ரலில் சிறிது தூரம் இழுக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டியில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் உருண்டால் பெட்டி எண்ணெய் இல்லாமல் தேயும். மின்சாரக் காரின் சக்கரம் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும். இவ்விரு வகைக்கும் கம்பி பற்றிய பேச்சே வேண்டாம். இயங்கு சக்கரங்களைத் தூக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். லாரியில் ஆக்சிலை உருவிவிட்டோ புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டோ இழுப்பது பழைய, நல்ல பழக்கம்.

டிராக்டருக்கும் டிப்பருக்கும் இடையிலான இணைப்பைப் பள்ளத்தாக்கில் யாரும் டோ பார் என்று நினைப்பதில்லை. ஆனால் எண்ணிக்கையில் இதுவே மிகுதி, ஆபத்திலும் இதுவே மிகுதி. கொக்கியின் உயரம் இதில் முதல் விஷயம். இழுக்கும் புள்ளி பின் அச்சுக்குக் கீழே இருந்தால், பாரம் கூடினாலும் முன்சக்கரங்கள் எளிதில் தரையை விட்டுக் கிளம்பாது. பின் அச்சுக்கு மேலே, உதாரணமாக டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால், அதே விசை டிராக்டரைப் பின் அச்சைச் சுற்றிப் புரட்டப் பார்க்கும். சேற்றில் புதைந்த டிப்பரை வெளியே எடுக்க அவசரமாக மேலே கட்டிய சங்கிலியால் டிராக்டர் மல்லாந்து விழும் விபத்துகளுக்குக் காரணம் இதுதான். முன்சக்கரம் கிளம்பியபின் கிளட்சை மிதிக்க நேரம் கிடைப்பதில்லை.

டிப்பரில் பாரம் ஏற்றும் விதமும் கொக்கியைப் பாதிக்கும். இரண்டு சக்கர டிப்பரில் பாரத்தின் ஒரு பங்கு எப்போதும் கொக்கியை அழுத்த வேண்டும். அது டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்புக்கும் உதவும். வாழைத்தாரையோ செங்கல்லையோ வால்பக்கம் கூட்டி ஏற்றினால் கொக்கி மேலே எழும்பப் பார்க்கும், பின்சக்கரம் சறுக்கும். நான்கு சக்கர டிரைலரில் இழுவைச் சட்டம் பாரம் எதையும் சுமப்பதில்லை. அதனால் மேடுபள்ளத்தில் கொக்கிப் பின் துள்ளிக் கழலும் வாய்ப்புக் கூடுதல்.

இறக்கத்துக்கு வந்தால், பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரத்துக்கு மட்டுமே பிரேக். அதுவும் இடது, வலது எனத் தனித்தனிப் பெடல்கள். உழும்போது ஒரு பக்கம் மட்டும் மிதித்துச் சட்டெனத் திரும்புவதற்காக வைத்தது. சாலைக்கு வரும்போது இரண்டையும் கொண்டி போட்டு இணைத்துவிட வேண்டும். இணைக்க மறந்து இறக்கத்தில் ஒரு பெடலை மிதித்தால், பிரேக் இல்லாத டிப்பர் பின்னாலிருந்து தள்ள, டிராக்டரும் டிப்பரும் கொக்கி இருக்கும் இடத்தில் முழங்கை போல மடங்கிவிடும். கொக்கி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இதைத் தடுக்காது. டிப்பருக்குத் தனி பிரேக் வைப்பதே இதற்கு மருந்து. பின்வண்டி தள்ளும் விசையையே பயன்படுத்தித் தன் சக்கரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் வெளிநாட்டு டிரைலர்களில் நெடுநாளாக உண்டு.

பின்னைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல நாள் ஓடிய கொக்கிப் பின்னை உருவி வெளிச்சத்தில் பார்த்தால், இரு முனையும் கறுத்து, நடுவில் மட்டும் வெள்ளிபோல் மின்னும் இடுப்பு ஒன்று தெரியும். அங்கேதான் வளையம் உராய்ந்து தின்றிருக்கிறது. வளையத்தின் வட்டமும் முட்டை வடிவமாகியிருக்கும். கியர் மாற்றும்போது பின்னால் 'டொக்' என்று கேட்பது இந்த இடைவெளிதான். பின்னின் வலு அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 25 மி.மீ. பின் தேய்ந்து 20 மி.மீ. ஆனால் விட்டத்தில் போனது ஐந்தில் ஒன்று, வலுவில் போனது மூன்றில் ஒன்றுக்கும் மேல். பின் தொலைந்த நாளில் கிடைத்த போல்ட்டைச் செருகுவது இன்னும் மோசம். மரை வெட்டிய பள்ளத்தில்தான் போல்ட் முதலில் விரிசல் விடும். பின்னின் அடியில் மாட்டும் சிறு கொண்டிக்குப் பதில் கட்டுக்கம்பியோ சணலோ முடிந்திருப்பதைச் சாலையில் பார்க்கலாம். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் கம்பிக்கு அடியில் குறுக்காக மாற்றி மாட்டும் வழக்கம் இந்தப் பக்கம் வரவில்லை, வந்தால் நல்லது. பின் கழன்று கம்பி கீழே விழுந்தாலும், குறுக்கிட்ட சங்கிலிகள் தொட்டில் போல அதை ஏந்தித் தரையில் குத்தாமல் காக்கும்.

பூட்டியபின் சில கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, மரைகளைத் தொட்டுப் பார்ப்பதும், பின்வண்டியின் சக்கரக் குடத்தில் கை வைத்துச் சூடு பார்ப்பதும் மெக்கானிக்குகளின் வழக்கம். எங்கோ பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் முதலில் சொல்வது அந்தச் சூடுதான். சரிவில் கழற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. பாரம் இழுத்துக்கொண்டிருக்கும் பின் சுத்தியலால் அடித்தாலும் வராது. பின்வண்டியின் சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் இரண்டு கல் வைத்து, முன்வண்டியை விரலளவு பின்னால் விட்டால் பின் தளர்ந்து கையோடு வரும். வேலை முடிந்ததும் அந்தக் கற்களைச் சாலையிலிருந்து எடுத்து ஓரமாகப் போட வேண்டும். இருட்டில் இறங்கி வரும் ஜீப்புக்கு அவை தெரியாது.